இருபது ரெயால் நோட்டில் ஒரு பொன் சிங்கம்

ஒரு நாட்டின் பணத்தாளில் எவருடைய உருவம் இடம்பெற வேண்டும் என்பதை அந்நாட்டின் அரசும் மைய வங்கியுமே பெரும்பாலும் முடிவு செய்கின்றன. பிரேசில் நாட்டின் மைய வங்கி 2001-ஆம் ஆண்டில் சற்றே மாறுபட்ட வழியை மேற்கொண்டது. அழிவின் விளிம்பில் நிற்கும் உயிரினங்களுள் எவற்றைப் புதிய நோட்டுகளில் காண விரும்புகிறீர்கள் என்று மக்களையே கேட்டது. முதலிடம் கடலாமைக்குக் கிடைத்தது. இரண்டாமிடம், அரைக் கிலோவைச் சற்றே தாண்டும் எடையுள்ள ஒரு சிறு குரங்குக்குக் கிடைத்தது. ஆமை 2 ரெயால் நோட்டில் இடம்பெற்றது. குரங்கு 2002-இல் வெளிவந்த 20 ரெயால் நோட்டில் அமர்ந்தது. மூன்றாமிடம் பெற்ற பிடரி ஓநாய் 2020 வரை காத்திருந்து 200 ரெயால் நோட்டில் ஏறியது.

நம் நாட்டிலும் 1996-ஆம் ஆண்டுத் தொடரின் பத்து ரூபாய் நோட்டில் காண்டாமிருகம், யானை, புலி ஆகிய மூன்றும் உள்ளன. அவை உருவத்தாலும் வலிமையாலும் பெயர் பெற்றவை. கைக்குள் அடங்கிவிடும் ஒரு குரங்கு ஒரு தேசத்தின் செலாவணியில் இடம்பெற்றதற்குக் காரணம் அதன் அழகு மட்டுமன்று. ஏறத்தாழ முற்றிலும் இழக்கப்பட்ட ஒன்றை, ஐம்பது ஆண்டுக் கால இடைவிடாத உழைப்பால் பிரேசில் மக்கள் மீட்டெடுத்த வரலாறு அந்தப் படத்தின் பின்னால் இருக்கிறது.

உருவமும் உறைவிடமும்

போர்ச்சுகீசிய மொழியில் ‘மிகோ லியாவோ டவுராடோ’ என்று இதற்குப் பெயர். பொன்னிறச் சிங்கக் குரங்கு என்பது பொருள். முகத்தைச் சுற்றிலும் அடர்ந்து நீண்டு தோள்வரை இறங்கும் பிடரிமயிர் இதற்குச் சிங்கத்தின் சாயலைத் தருகிறது. உடல் முழுவதும் பொன்னிறமும் செம்பொன்னிறமும் கலந்த பட்டுப் போன்ற மயிர். உடலின் நீளம் ஏறத்தாழ 26 சென்டிமீட்டர். வால் அதைவிட நீளம். வாலால் கிளையைப் பற்றித் தொங்கும் ஆற்றல் இதற்கு இல்லை. தாவும்போது சமநிலை காக்க மட்டுமே அது பயன்படுகிறது. ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

பெரும்பாலான குரங்குகளுக்கு விரல் நுனியில் நம்மைப் போலத் தட்டையான நகங்கள் உண்டு. இந்தக் குரங்கு சேர்ந்துள்ள குடும்பத்தில், காலின் பெருவிரலைத் தவிர மற்ற விரல்களில் வளைந்து கூர்மையான நகங்களே உள்ளன. அணிலைப் போல மரத்தின் தண்டில் செங்குத்தாக ஏறவும் பற்றி நிற்கவும் அவை உதவுகின்றன. கைகளும் விரல்களும் மெலிந்து நீண்டவை. அதன் பயனை அடுத்துக் காண்போம்.

உலகில் இந்தக் குரங்கு இயற்கையாக வாழும் இடம் ஒன்றே ஒன்றுதான்: பிரேசிலின் ரியோ டி ஜெனீரோ மாநிலத்துக் கடற்கரையை ஒட்டிய தாழ்நிலத்து மழைக்காடு. மழைக்காடு என்றவுடன் அமேசான் நம் நினைவுக்கு வரும். இது அமேசான் அன்று. அட்லாண்டிக் பெருங்கடலை ஒட்டிப் பிரேசிலின் கிழக்குக் கரை நெடுகிலும் பரந்து கிடந்த வேறொரு காடு. அட்லாண்டிக் காடு என்றே அதற்குப் பெயர்.

ஒரு நாளின் அலுவல்

விடியலுக்குப் பின் சிறிது நேரத்தில் மரப்பொந்திலிருந்து குடும்பம் வெளியே வருகிறது. மாலை வெளிச்சம் மங்குவதற்கு முன்பே மற்றொரு பொந்தில் அடைந்துவிடுகிறது. இடைப்பட்ட பொழுதில் ஒரு கிலோமீட்டருக்கும் மேலாகக் கிளைவழியே பயணம் நடக்கிறது. தரைக்கு இறங்குவது மிகக் குறைவு. உயர்ந்த மரங்களின் உச்சியையும் பெரிதாக நாடுவதில்லை. கொடிகள் பின்னிக் கிடக்கும் இடைத்தளமே இதன் சாலை.

காலையில் பழங்களையே முதலில் தேடுகிறது. பழுத்து மென்மையான, இனிப்பு மிகுந்த சிறு பழங்கள் விருப்பமானவை. பழங்கள் அருகும் காலத்தில் பூக்களின் தேனையும் மரப்பிசினையும் நாடுகிறது. வயிறு ஓரளவு நிறைந்தபின் வேட்டை தொடங்குகிறது. அன்னாசிக் குடும்பத்தைச் சேர்ந்த பல செடிகள் அந்தக் காட்டு மரக்கிளைகளில் ஒட்டி வளர்கின்றன. அவற்றின் இலையடிகளில் மழைநீர் தேங்கும், சருகு சேரும். அங்கே பூச்சிகளும் சிலந்திகளும் சிறு தவளைகளும் பல்லிகளும் ஒளிந்திருக்கும். பொன் சிங்கக் குரங்கு தன் நீண்ட விரல்களை உள்ளே விட்டு, கண்ணால் காணாமலேயே துழாவி இரையை வெளியே இழுக்கிறது. மரப்பட்டையின் இடுக்கு, சுருண்ட காய்ந்த இலை, உளுத்த கட்டை ஆகிய எதையும் அது விட்டுவைப்பதில்லை.

இந்த உணவுப் பழக்கத்தால் காட்டுக்கும் நன்மை உண்டு. பழத்துடன் விழுங்கிய விதைகள் வேறிடத்தில் எச்சத்துடன் விழுந்து முளைக்கின்றன. எந்தக் காட்டை நம்பி இந்தக் குரங்கு வாழ்கிறதோ, அந்தக் காட்டை நட்டு வளர்ப்பதில் அதற்கும் பங்கு இருக்கிறது.

இரவில் பொந்தில் உறங்குவது குளிருக்கும் ஆந்தைக்கும் பாதுகாப்பு. ஆயினும் அதிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. மரநாய் இனத்தைச் சேர்ந்த டைரா என்னும் விலங்கு பொந்தின் வாயைக் கடித்துப் பெரிதாக்கி, உறங்கும் குடும்பத்தையே கொன்றுவிடுவது உண்டு. பகலில் பருந்தும் பாம்பும் பகைவர்கள். எனவேதான் ஒன்று உண்ணும்போது மற்றொன்று சுற்றிலும் பார்வையைச் செலுத்துகிறது. ஆபத்தைக் கண்டால் குரல் கொடுக்கிறது.

குடும்பமே கூட்டுறவுச் சங்கம்

ஒரு குழுவில் சராசரியாக ஐந்தாறு குரங்குகள் இருக்கும். ஓர் இணையும் அவற்றின் வெவ்வேறு வயதுப் பிள்ளைகளும் சேர்ந்ததே குழு. பல பெண் குரங்குகள் இருந்தாலும் பெரும்பாலும் ஒன்றே ஈனுகிறது. ஏறத்தாழ நான்கு மாதக் கருக்காலத்துக்குப் பின் பொதுவாக இரட்டைக் குட்டிகள் பிறக்கின்றன.

இரட்டைக் குட்டிகள் என்பது எளிய செய்தி அன்று. பிறக்கும்போது ஒவ்வொரு குட்டியும் ஏறத்தாழ 60 கிராம் எடை இருக்கும். 600 கிராம் எடையுள்ள தாய் தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கைச் சுமந்து ஈனுகிறது. 55 கிலோ எடையுள்ள ஒரு பெண் 11 கிலோ எடையுள்ள மகவுகளைப் பெறுவதற்கு இது ஒப்பாகும். அதன்பின் இரண்டுக்கும் பாலூட்ட வேண்டும். இரை தேட வேண்டும். கிளைக்குக் கிளை தாவ வேண்டும். தாய் தனியாக இதைச் செய்ய இயலாது.

இங்கேதான் குடும்பம் துணைக்கு வருகிறது. முதல் சில நாட்கள் தாயே சுமக்கிறது. பின்னர்ச் சுமையின் பெரும்பகுதியைத் தந்தை ஏற்கிறது. பால் குடிக்கும் நேரத்துக்கு மட்டும் குட்டிகள் தாயிடம் செல்கின்றன. மூத்த அண்ணன்களும் அக்காள்களும் முறைவைத்துச் சுமக்கின்றன. குட்டிகள் திட உணவு உண்ணத் தொடங்கியதும், பெரியவை தாம் பிடித்த இரையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு தனிக் குரல் எழுப்புகின்றன. அதைக் கேட்டுக் குட்டி ஓடிவந்து இரையைப் பெற்றுக்கொள்கிறது. குட்டி வளர்ந்தபின் அதே குரலின் பயன் மாறுகிறது. இரை ஒளிந்திருக்கும் இடத்தைக் கண்டதும், பெரியது தானே பிடிக்காமல் குரல் கொடுத்து இளையதை அழைக்கிறது; இளையது வந்து துழாவிக் கண்டுபிடிக்கிறது. முதலில் கொடுத்துப் பழக்கி, பின்னர்த் தேடக் கற்றுக் கொடுக்கும் முறை இது.

இந்த உதவி இளையவற்றுக்கும் பயிற்சியாகிறது. தம்பி தங்கைகளைச் சுமந்து பழகாத குரங்குகள், பிற்காலத்தில் தம் குட்டிகளை வளர்க்கத் தடுமாறுகின்றன என்பது காப்பகங்களில் தெரியவந்தது.

ஒரு குடும்பத்துக்கு வாழ 40 முதல் 50 ஹெக்டேர், அதாவது நூறு ஏக்கருக்கு மேற்பட்ட காடு தேவைப்படுகிறது. எல்லையை வாசனையாலும் நீண்ட கூவலாலும் அவை காக்கின்றன. அண்டைக் குடும்பம் எல்லையில் தோன்றினால் இரு தரப்பும் உரக்கக் கூவித் தம் உரிமையை நிலைநாட்டுகின்றன. இந்த நூறு ஏக்கர்க் கணக்கை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். இந்த உயிரினத்தின் வீழ்ச்சியும் மீட்சியும் இந்தக் கணக்கைச் சுற்றியே அமைந்தவை.

அழகே பகையானது

1519-இல் மகெல்லனின் கப்பல்கள் ரியோ விரிகுடாவில் தங்கியபோது, உடன் சென்ற பிகஃபெட்டா என்பவர் சிறு சிங்கங்களைப் போன்ற மஞ்சள் நிறக் குரங்குகளைப் பற்றிக் குறிப்பு எழுதினார். 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அரசவைச் சீமாட்டி மதாம் தெ பொம்பதூர் இதைச் செல்லப்பிராணியாக வளர்த்தார். லின்னேயஸ் 1766-இல் இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். 20-ஆம் நூற்றாண்டில் வானூர்திப் போக்குவரத்து பெருகியபின், உயிரியல் பூங்காக்களுக்கும் செல்வர் இல்லங்களுக்கும் இவை கூட்டம் கூட்டமாக ஏற்றுமதியாயின.

பிடிபட்டவற்றைவிடப் பெரிய இழப்பு காட்டுக்கு நேர்ந்தது. சாய மரத்துக்காகவும் கரும்புக்காகவும் காப்பிக்காகவும் மாட்டுப் பண்ணைக்காகவும் அட்லாண்டிக் காடு நூற்றாண்டுக் கணக்கில் வெட்டப்பட்டது. பிரேசிலின் மிகப் பெரிய நகரங்களான சாவோ பவுலோவும் ரியோவும் அந்தக் காட்டு நிலத்திலேயே வளர்ந்தன. பழைய பரப்பில் எட்டில் ஒரு பங்கு அளவே இன்று எஞ்சியுள்ளது. 1970-களின் தொடக்கத்தில் காட்டில் ஏறத்தாழ 200 பொன் சிங்கக் குரங்குகளே இருந்ததாக மதிப்பிடப்பட்டது.

பெட்டகத்தில் இருந்த சேமிப்பு

இந்த நிலையை உலகறியச் செய்தவர் பிரேசில் அறிஞர் அடெல்மார் கோயிம்ப்ரா ஃபில்யோ. அவருடைய முயற்சியின் பயனாக 1974-இல் போசோ தாஸ் அந்தாஸ் என்னும் இடத்தில் உயிரியல் காப்பகம் ஒன்று நிறுவப்பட்டது. பிரேசிலில் அவ்வகையில் அதுவே முதலாவது.

அதே காலத்தில் வாஷிங்டன் தேசிய உயிரியல் பூங்காவில் டெவ்ரா கிளைமன் என்னும் அறிஞர் மற்றொரு புதிரை விடுவித்தார். பூங்காக்களில் இருந்த குரங்குகள் இனம் பெருகாமல் இறந்துகொண்டிருந்தன. பழத்துடன் புரத உணவும் தேவை என்பதும், இணையாகவே வாழ்பவை என்பதும், குட்டிகளைப் பெற்றோரிடமிருந்து விரைவில் பிரிக்கக் கூடாது என்பதும் தெரிந்தபின் எண்ணிக்கை உயரத் தொடங்கியது. பல பூங்காக்கள் ஒன்றிணைந்து, எந்த ஆணை எந்தப் பெண்ணுடன் சேர்ப்பது என்பதற்குப் பொதுப் பதிவேடு வைத்துக்கொண்டன. உறவு நெருக்கமுள்ளவை இணைசேராமல் பார்த்துக்கொள்வதே அதன் நோக்கம்.

1984-இல், பூங்காவில் பிறந்த குரங்குகளைக் காட்டில் விடும் பணி தொடங்கியது. முதலில் விடப்பட்டவற்றுள் பல பிழைக்கவில்லை. நிலையான கம்பிகளிலும் கட்டைகளிலும் நடந்து பழகிய அவற்றுக்கு, வளைந்து ஆடும் கிளையில் ஏறத் தெரியவில்லை. தட்டில் வைத்த உணவை உண்டவற்றுக்கு, ஒளிந்திருக்கும் இரையைத் தேடத் தெரியவில்லை. நச்சுப் பாம்பையும் அவை அறியவில்லை. எனவே பூங்காவின் மரங்களில் திறந்தவெளியில் விட்டுப் பழக்கியும், காட்டில் விட்டபின் கூடும் உணவும் அளித்து ஆதரவை மெல்லக் குறைத்தும் பார்த்தனர். எல்லாவற்றையும்விடப் பயன் தந்தது காலம்தான். அவ்வாறு விடப்பட்டவை காட்டில் ஈன்ற குட்டிகள், காட்டுக் குரங்குகளாகவே வளர்ந்தன. 2000-ஆம் ஆண்டு வரை 146 பூங்காக் குரங்குகள் காட்டுக்குத் திரும்பின. அவற்றின் வழித்தோன்றல்கள் காட்டில் உள்ளவற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை எட்டின.

வங்கித் துறையில் இருப்பவன் என்ற முறையில் என் கவனத்தை ஈர்த்த செய்தி ஒன்று உண்டு. 1990-களின் தொடக்கத்தில், உலகெங்கும் உள்ள பூங்காக்கள் தம்மிடம் இருந்த பொன் சிங்கக் குரங்குகளின் உரிமையைப் பிரேசில் அரசுக்கே எழுதிக் கொடுத்துவிட்டன. குரங்கு இலண்டனில் இருக்கலாம், வாஷிங்டனில் இருக்கலாம். உரிமையாளர் பிரேசில் அரசு. நகை வங்கியின் பெட்டகத்தில் இருந்தாலும் அது வாடிக்கையாளரின் சொத்தே அல்லவா? பூங்காக்கள் பெட்டகப் பொறுப்பை மட்டும் வைத்துக்கொண்டன.

இத்தகைய முயற்சிகளால் 2003-இல் இந்த இனம், மிக அருகிய இனம் என்னும் பட்டியலிலிருந்து ஒரு படி மேலேறி, அருகிய இனம் என்னும் பட்டியலுக்கு வந்தது. குரங்கினங்களில் இத்தகைய முன்னேற்றம் அரிது.

எண்ணிக்கையைவிட இணைப்பே பெரிது

காட்டில் விடப்பட்ட குரங்குகளுள் பெரும்பாலானவை அரசுக் காப்பகத்தில் அல்ல, தனியார் பண்ணைகளில் எஞ்சியிருந்த காடுகளில்தான் விடப்பட்டன. காப்பகத்தில் இருந்த இடத்தை ஏற்கெனவே வாழ்ந்த குடும்பங்கள் பிடித்திருந்தன. புதியவற்றை அவை எல்லைக்குள் விடவில்லை. ஆகவே மாட்டுப் பண்ணை உரிமையாளர்களின் ஒத்துழைப்பு இன்றியமையாததாயிற்று. 1992-இல் தொடங்கப்பட்ட பொன் சிங்கக் குரங்குச் சங்கம் அவர்களை அணுகி நம்பிக்கையைப் பெற்றது.

பிரேசில் சட்டத்தில் இதற்கு உதவும் ஏற்பாடு ஒன்று உண்டு. நில உரிமையாளர் விரும்பினால் தம் காட்டின் ஒரு பகுதியைத் தனியார் இயற்கைக் காப்பு நிலமாக அறிவிக்கலாம். நிலம் அவருடையதாகவே இருக்கும். ஆனால் அந்த அறிவிப்பு பத்திரப் பதிவில் ஏறிவிடும். அதைத் திரும்பப் பெற முடியாது. பிற்காலத்தில் விற்றாலும், வாங்குபவரையும் அது கட்டுப்படுத்தும். நம்மூர் வழக்கில் சொன்னால், வில்லங்கச் சான்றிதழில் காட்டின் பெயர் என்றென்றும் இருக்கும். அந்தப் பகுதிக்கு நிலவரி விலக்கும் உண்டு.

இவ்வளவுக்குப் பின்னும் ஒரு குறை நீங்கவில்லை. காடு துண்டு துண்டாகக் கிடக்கிறது. இடையில் மேய்ச்சல் நிலமும் சாலையும் உள்ளன. நூறு ஹெக்டேர் துண்டு ஒன்றில் இரண்டு குடும்பங்களே வாழ முடியும். வயது வந்த பிள்ளைகள் வெளியேறி இணை தேட வழியில்லை. சில தலைமுறைகளில் எல்லாம் உறவினர்களாகிவிடும். பிறக்கும் குட்டிகள் நலிவுறும். முடங்கிப்போன பல சிறு கணக்குகளில் பணம் பிரிந்து கிடந்தால், கூட்டுத்தொகை பெரிதாகத் தோன்றினாலும் தேவைக்கு எடுக்க இயலாது. துண்டுக் காடுகளில் வாழும் குரங்குகளின் நிலையும் அதுவே.

இதனால்தான் அறிஞர்கள் வகுத்த இலக்கு எண்ணிக்கையை மட்டும் கூறவில்லை. 25,000 ஹெக்டேர் பரப்புள்ள, பாதுகாக்கப்பட்ட, ஒன்றோடொன்று இணைந்த காட்டில் 2,000 குரங்குகள் என்பது அந்த இலக்கு. அதை நோக்கி மேய்ச்சல் நிலங்களின் ஊடே மரங்கள் நட்டுக் காட்டுப் பாதைகள் உருவாக்கப்படுகின்றன. நாற்றுப் பண்ணை வைத்து அந்தப் பகுதி மக்கள் வருவாய் பெறுகின்றனர். பிஆர்-101 என்னும் நெடுஞ்சாலை அகலப்படுத்தப்பட்டபோது, அதன் மேலே மண் நிரப்பி மரங்கள் நட்ட பாலம் ஒன்று விலங்குகளுக்கென்றே 2020-இல் கட்டி முடிக்கப்பட்டது.

எதிர்பாராத இழப்பு

2016-ஆம் ஆண்டின் இறுதியில் பிரேசிலின் தென்கிழக்கில் மஞ்சள் காய்ச்சல் பரவியது. கொசுவால் பரவும் இந்த நோய் மனிதரைப் போலவே குரங்குகளையும் கொல்லும். 2014-இல் ஏறத்தாழ 3,700 ஆக இருந்த பொன் சிங்கக் குரங்குகள், நோய்க்குப் பின் 2,500 அளவுக்குக் குறைந்தன. முப்பது ஆண்டு உழைப்பில் மூன்றில் ஒரு பங்கு ஓரிரு பருவங்களில் போயிற்று. குரங்குகளே நோயைத் தருகின்றன என்று தவறாக நம்பிய சிலர் அவற்றைக் கொல்லவும் செய்தனர். உண்மையில் குரங்கு நேரடியாக மனிதருக்கு இந்த நோயைத் தருவதில்லை. காட்டில் குரங்கு இறந்து கிடந்தால், அது மனிதர் தடுப்பூசி போட்டுக்கொள்ள விடுக்கப்படும் முன்னறிவிப்பு.

மனிதருக்கான தடுப்பூசியையே அடிப்படையாகக் கொண்டு, காட்டுக் குரங்குகளைப் பிடித்துத் தடுப்பூசி செலுத்தி மீண்டும் விடும் அரிய முயற்சி பின்னர் மேற்கொள்ளப்பட்டது. 300-க்கும் மேற்பட்டவை இவ்வாறு பாதுகாக்கப்பட்டன. நோயின் வேகமும் தணிந்தது. 2023-இல் வெளியான கணக்கெடுப்பில் எண்ணிக்கை ஏறத்தாழ 4,800 எனத் தெரியவந்தது.

நாம் செய்யக்கூடியது

பெயர் ஒற்றுமையால் இதை நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் சிங்கவால் குரங்கு என எண்ணிவிடக் கூடாது. சோலைமந்தி எனப்படும் அது வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. உருவில் மிகப் பெரியது. ஆயினும் இரண்டின் இடர்ப்பாடும் ஒன்றே. வால்பாறையில் தேயிலைத் தோட்டங்களுக்கு இடையே துண்டுபட்ட சோலைகளில் வாழும் சோலைமந்திகள் சாலையைக் கடக்க, மரத்துக்கு மரம் கட்டப்பட்ட தொங்கு பாலங்கள் உதவுகின்றன.

ஆபத்து முற்றிலும் நீங்கவில்லை. 2024 பிப்ரவரியில் மேற்கு ஆப்பிரிக்காவின் டோகோ கடற்பகுதியில் பிடிபட்ட படகு ஒன்றில் 17 பொன் சிங்கக் குரங்குகள் இருந்தன. வாங்குவோர் உலகில் எங்கோ இருப்பதால்தான் இந்தக் கடத்தல் நடக்கிறது. தென் அமெரிக்கச் சிறு குரங்குகள் சென்னை விமான நிலையத்திலும் சுங்கத் துறையினரால் பறிமுதல் செய்யப்பட்டுள்ளன. நம் நாட்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022-இல் செய்யப்பட்ட திருத்தம், பன்னாட்டு உடன்படிக்கையின் கீழ்வரும் அயல்நாட்டு உயிரினங்களையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்துள்ளது. அத்தகைய உயிரினத்தை வைத்திருப்போர் அரசிடம் பதிவு செய்தாக வேண்டும். சமூக ஊடகத்தில் அழகிய குரங்குக்குட்டி விற்பனைக்கு என்று எவரேனும் விளம்பரம் செய்தால், முன்பணம் அனுப்பாமல் ஒதுங்குவதே சட்டப்படியும் அறத்தின்படியும் நலம். அந்த விளம்பரங்களுள் பல பணம் பறிக்கும் மோசடிகளாகவும் இருக்கக்கூடும் என்பதை வாடிக்கையாளர்கள் மனத்திற் கொள்ள வேண்டும். மோசடி இல்லாமல் குட்டி உண்மையாகவே வந்து சேர்ந்தால், அது ஒரு குடும்பத்திலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது என்பது பொருள். அதைச் சுமந்து திரிந்த தந்தையும், இரை கொடுத்து அழைத்த அண்ணனும் அக்காளும் எங்கோ ஒரு காட்டில் இருந்திருப்பார்கள்.